முழங்கால் வலிக்குக் கூட்டு மாத்திரைகள்: மாத பில் 1,435 ரூபாய், இத்தனையும் தேவைதானா?

ஆத்தங்குடிக்கல் கேட்டது:

எங்க ஆத்தாவுக்கு வயசு 66, எடை 48 கிலோ. ரெண்டு முழங்காலிலும் தேய்மானம், வலதுதான் மோசம். காரைக்குடியில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தது:

அசிக்ளோபினாக் 100 + பாராசிட்டமால் 325 + செராசியோபெப்டிடேஸ் 15. காலை 1, இரவு 1. பத்து மாத்திரை அட்டை 125 ரூபாய்.
டிரமடால் 37.5 + பாராசிட்டமால் 325. இரவு 1. பத்து மாத்திரை 95 ரூபாய்.
பான்டபிரசோல் 40 + டோம்பெரிடோன் 30. காலை வெறும் வயிற்றில் 1. பதினைந்து கேப்சூல் 200 ரூபாய்.

ஏற்கெனவே போட்டு வருவது: ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 + ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 ஒன்று, சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 + கிளிமிபிரைடு 1 ஒன்று, ஆஸ்பிரின் 75 ஒன்று.

வலிக்கு மட்டும் 6 அட்டை, 3 அட்டை, 2 அட்டை, ஆக 1,435. மூணு விஷயம் தெரியணும். வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது என்று கேள்விப்பட்டேன், இதில் எது எதோடு ஆகாது? விலையைக் குறைக்க வழி உண்டா, மலிவு மாத்திரை வேலை செய்யுமா? இடையில் காய்ச்சல் வந்தால் டோலோ 650 கொடுக்கலாமா?

---

மருந்தாளுநர்79 எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து வர்றேன், அதுதான் வீட்டில் அதிகம் தவறுகிற இடம். அட்டையின் முன்பக்கம் இருக்கிற பெயரைப் பார்க்காதீங்க, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற கலவையைப் பாருங்க. ஆச்சிக்கு இரவு போகிற ரெண்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கு. 325 + 325 = 650. டோலோவும் பாராசிட்டமால்தான், அதற்கு மேல் அந்த 650 ஒன்று கொடுத்தால் ஒரே வேளையில் 1,300 மி.கி. பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு 1,000தான் எல்லை. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்குப் போடுவோம், 48 கிலோவுக்கு அது 720. ரெண்டு மடங்குக்கு ஒட்டி வந்துவிடும்.

நாள் கணக்கும் பாருங்க. வலி மாத்திரைகளாலேயே 975 மி.கி. உள்ளே போகுது. காய்ச்சலுக்கு மூணு வேளை 650 சேர்த்தால் 2,925. ஆரோக்கியமான நடுவயதுக்காரருக்கு உச்சவரம்பு 4,000. இந்த வயசுக்கும் எடைக்கும் 2,000, மிஞ்சினால் 2,500ஐத் தாண்டாமல் வைப்பதுதான் நல்லது. சளி மாத்திரை வாங்கினால் அதிலும் பெரும்பாலும் 325 அல்லது 500 ஒளிஞ்சிருக்கும். கல்லீரல் கெடுவது வலித்துக்கொண்டு வராது, முதல் ஒரு நாள் ஒன்றுமே தெரியாது. அதுதான் ஆபத்து.

ஆக, டோலோ கொடுக்கலாம், ஆனால் மேலதிகமாக இல்லை. அந்த வேளைக்கான கூட்டு மாத்திரையை, இரவென்றால் ரெண்டையும், நிறுத்திட்டு அதன் இடத்தில் கொடுக்கணும். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் 6 மணி நேர இடைவெளி.

கூட்டு மாத்திரையில் பாராசிட்டமால் ஏன் எப்பவும் 325 என்று கேட்பவர்களுக்கு: 2011ல் வந்த உத்தரவு அது. சேர்மானத்தில் ஒரு மாத்திரைக்கு 325க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள், கணக்குத் தவறினாலும் கல்லீரல் தப்பட்டும் என்றுதான்.

செராசியோபெப்டிடேஸ் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிடுறேன். வீக்கத்தைக் கரைக்கும் என்று சேர்க்கிற நொதி அது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஜப்பானில் அதை விற்ற டகேடா நிறுவனமே, மறு ஆய்வில் பலன் நிரூபணமாகாததால் 2011ல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே இன்னும் 'எஸ்.பி.' என்ற ரெண்டெழுத்தைச் சேர்த்து அட்டை விலை ஏறுது. அது இல்லாத அசிக்ளோபினாக் + பாராசிட்டமால் அட்டை ஏறத்தாழ பாதி விலை.

வலி மாத்திரையோடு வயிற்றுக்குக் கொடுப்பது பான்டபிரசோல் மட்டும் போதும். டோம்பெரிடோன் வாந்திக்கான மருந்து, புண் வராமல் தடுப்பதில் அதற்கு வேலை இல்லை. 60 வயதுக்கு மேல் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் என்பதால் ஐரோப்பாவில் 2014ல் ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று கட்டுப்படுத்தினார்கள். நம்ம ஊரில் வருஷக்கணக்கில் போகுது.

ரெண்டு விவரம் வேணும். ஆஸ்பிரின் எதற்காகத் தொடங்கியது? தூக்கத்துக்கோ படபடப்புக்கோ வேறு ஏதாவது மாத்திரை உண்டா? இதைக் கேட்டால்தான் பலர் சொல்வார்கள், தானாகச் சொல்வதில்லை.

---

ஆத்தங்குடிக்கல் எழுதியது:

மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் எதுவும் இல்லை அண்ணே. சர்க்கரை கண்டுபிடித்தபோது முன்னெச்சரிக்கையாக எழுதியது ஆஸ்பிரின்.

தூக்கத்துக்கு ஒன்று இருக்கு. எஸ்சிடலோபிராம் 10 + குளோனாசெபாம் 0.5, இரவு ஒன்று, ரெண்டு வருஷமாக. தேவகோட்டையில் வேறு மருத்துவர் எழுதியது. சீட்டு தனி என்பதால் எலும்பு மருத்துவரிடம் காட்டவில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, முதலில் இன்று இரவைப் பார்ப்போம். டிரமடாலையும் அந்தத் தூக்க மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்காதீங்க. எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கூப்பிட்டு, 'குளோனாசெபாமும் எஸ்சிடலோபிராமும் ஓடுது, சொல்ல விட்டுப்போச்சு' என்று இந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்க. அவருக்கு அது போதும். ரெண்டு வருஷமாகப் போகிற தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. குளோனாசெபாம் திடீரென நின்றால் வலிப்பு வரலாம். நிற்க வேண்டியது புதுசாக வந்தது.

காரணம் மூணு.

டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் குடும்பத்து வலி மருந்து. குளோனாசெபாமோடு சேரும்போது தூக்கம் ஆழமாகி மூச்சு மெதுவாகும். 48 கிலோ உடம்பில் இது விளையாட்டில்லை. கூப்பிட்டால் கண் திறக்காத தூக்கம், நிமிஷத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு, உதடு நீலம், இதில் எது தெரிந்தாலும் 108தான்.

அடுத்தது எஸ்சிடலோபிராம். அதுவும் டிரமடாலும் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தை ஏற்றும். நடுக்கம், கொட்டுகிற வியர்வை, கால் தசை துள்ளுவது, பேதி, நிலைகொள்ளாத பதற்றம் என்று சில மணி நேரத்துக்குள் தொடங்கும். வலிப்பு வருகிற வாய்ப்பையும் இந்தச் சேர்க்கை கூட்டும்.

மூன்றாவது, டிரமடால் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியது. கிளிமிபிரைடும் அதையே செய்யும். இரவு பலகாரம் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் விடிகாலை மூணு மணிக்கு வியர்த்து எழுவார்கள். எழுந்து இருட்டில் நடக்கிற இடம் எது? வளவிலிருந்து முற்றத்தில் இறங்கும் கல்படி, ஒவ்வொரு நிலைவாசலிலும் உயர்ந்த படி, கடைசியில் கொல்லைப்புறக் கழிப்பறை. மயக்கம் தரும் மாத்திரையை நம்ம பழைய வீடுகளில் கொடுக்கும்போது இடுப்பு எலும்பைப் பற்றி யோசிச்சே ஆகணும்.

இனி கிட்னி. நீங்கள் கேள்விப்பட்டது சரி, ஆனால் மொட்டையாகக் 'கிட்னிக்கு ஆகாது' என்றால் புரியாது. கம்மாயை நினைச்சுக்கோங்க. வடிகட்டிக்குள் ரத்தம் வருகிற குழாய் வரத்துக்கால், வெளியேறுகிற குழாய் மடை. அசிக்ளோபினாக் வரத்துக்காலைக் குறுக்கும். டெல்மிசார்டன் மடையைத் திறந்து விடும். ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பில் இருக்கிற நீரையே குறைக்கும். வரத்து அடைபட்டு, மடை திறந்து, மழையும் பொய்த்தால் கம்மாயில் தண்ணீர் நிற்குமா? ஒவ்வொன்றும் தனியாக வந்தால் சிறுநீரகம் சமாளிக்கும். மூன்றும் சேர்ந்து, சித்திரை வெயிலோ ரெண்டு நாள் பேதியோ வந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். உங்கள் சீட்டில் ரத்த அழுத்த மாத்திரையே ரெண்டு மருந்து சேர்ந்தது என்பதால் இது கண்ணில் படவில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் மெட்பார்மினும் உடம்பில் தேங்கும், பொட்டாசியமும் ஏறும்.

அதுபோக அசிக்ளோபினாக், ஆஸ்பிரின், எஸ்சிடலோபிராம் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டுகிறவை. பான்டபிரசோல் இரைப்பையைக் காக்கும், குடலின் கீழ்ப்பகுதியையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்காது. 'கேஸ் மாத்திரை போடுறோமே' என்பது பாதித் தைரியம்தான். இதுவரை இதய நோய் வராத 66 வயதுக்காரருக்கு ஆஸ்பிரின் தேவையா என்பதைச் சர்க்கரை மருத்துவரிடம் இந்தச் சாக்கில் கேளுங்க. பல இடங்களில் இப்போது தொடங்குவதில்லை. மாரடைப்பு வந்திருந்தால் பேச்சே வேறு, அசிக்ளோபினாக்கே கூடாது.

மருத்துவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்க: அடிப்படை மருந்தாகத் தனிப் பாராசிட்டமால் 500, ஒரு நாளுக்கு அதிகபட்சம் 4. வலி தாங்காத நாட்களுக்கு மட்டும் அசிக்ளோபினாக் 100, சாப்பிட்ட பின், 5 முதல் 7 நாள், பிறகு நிறுத்தம். தொடங்கும் முன் கிரியாட்டினின், பொட்டாசியம், ஒரு வாரம் கழித்து மறுபடி. அரசு மருத்துவமனையில் இதற்குக் காசில்லை. வீட்டில் ரத்த அழுத்தத்தையும் பாருங்க, இந்த வகை வலி மாத்திரை டெல்மிசார்டனின் வேலையைக் கெடுத்து அழுத்தத்தை ஏற்றும். கறுத்த தார் போன்ற மலம், கணுக்காலில் வீக்கம், ரெண்டு மூணு நாளில் 2 கிலோ எடை ஏற்றம், சிறுநீர் குறைவது, இதில் எதைக் கண்டாலும் அசிக்ளோபினாக்கை அன்றே நிறுத்திவிட்டுப் போய்க் காட்டணும்.

---

கணக்குப்புள்ள எழுதியது:

மருந்து விஷயம் மேலே சொல்லிட்டாங்க, நான் ரூபாயை மட்டும் பார்க்கிறேன்.

1,435ல் பாதிக்கு மேல், அதாவது 750, அந்த எஸ்.பி. மாத்திரைக்குப் போகுது. 400 ரூபாய் டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூலுக்கு. வலியைக் குறைக்கிற வேலையைச் செய்கிற பாராசிட்டமால் தனியாக வாங்கினால் 500 மி.கி. மாத்திரை ஒன்று சுமார் ஒரு ரூபாய், 650 சுமார் 2 ரூபாய். அது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கு, 2013ம் வருஷ விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்சவிலை வைப்பார்கள். ஒரு நாளுக்கு நாலு என்றாலும் மாதம் 120 மாத்திரை, ஏறத்தாழ 120 ரூபாய். பட்டியலில் இல்லாத சேர்மானங்களுக்கு வருஷம் 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். புதுப்புதுச் சேர்மானம் ஏன் முளைக்குது என்பதற்கு இதிலும் ஒரு விடை இருக்கு.

மலிவு மாத்திரை வேலை செய்யுமா என்று கேட்டீங்க. பிராண்டு அட்டையிலும் ஜன் அவுஷதி (மத்திய அரசின் மலிவு மருந்துக் கடை) அட்டையிலும் பின்பக்கக் கலவை வரி ஒன்றாக இருந்தால் உள்ளே மருந்தும் ஒன்றுதான். அளவையும் ஒத்துப் பாருங்க: 100 + 325க்கு 100 + 325. 'எஸ்.ஆர்.' (மருந்தை மெதுவாக வெளிவிடுவது) என்று ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் அது வேறு மாத்திரை, மாற்றக் கூடாது. முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24 முதல் நடக்குது, அங்கேயும் ஜெனரிக் (பிராண்டு பெயர் இல்லாத மலிவு மாத்திரை) உண்டு. ரெண்டு இடத்துக்கும் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று. கடைக்காரர் தானாக பிராண்டை மாற்றிக் கொடுக்க முடியாது, எனவே சீட்டில் மருந்தின் மூலப்பெயரையே பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்க. பக்கத்தில் கிடைக்காவிட்டால் முதியவர்களுக்கு அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் பாராசிட்டமால், பான்டபிரசோல் வகையறா சும்மாவே கொடுப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துகொள்ளலாம், வீட்டுக்கே வரும். அந்தப் பணம் மிச்சமானால் வலிக்குச் செலவழிக்க நிற்கும்.

பில் விஷயம் ஒன்று. மருந்துக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சிருக்கு. எம்.ஆர்.பி. என்பதே வரி உட்பட்ட விலை, அதற்கு மேல் வரி போட்டால் தப்பு. பில்லில் பேட்ச் எண் இருக்கணும்.

அட்டையை வெட்டி 4 மாத்திரை, 5 மாத்திரை என்று வாங்குகிறீர்கள் என்றால் முழு அட்டையின் பின்பக்கத்தைக் கடையிலேயே போனில் படம் எடுத்துக்கோங்க. வெட்டிய துண்டில் பெரும்பாலும் காலாவதித் தேதியும் இருக்காது, கலவையும் இருக்காது. மேலே மருந்தாளுநர் சொன்ன கூட்டல் கணக்கே போட முடியாது.

---

முட்டிக்குமுட்டி எழுதியது:

பிசியோ பக்கம் இருந்து சுருக்கமாக. டைக்ளோபினாக் 1 சதவீத ஜெல் பூசினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான், கிட்னியும் வயிறும் அந்தளவு தப்பும். ஆனால் ஜெல்லிலும் செலவு இருக்கு. ஒரு முழங்காலுக்கு ஒரு தடவை 2 முதல் 4 கிராம், சின்ன நெல்லிக்காய் அளவு. ரெண்டு காலுக்கும் 2 கிராம் வீதம் மூணு வேளை என்றால் நாளுக்கு 12 கிராம், 30 கிராம் குழாய் ரெண்டரை நாளில் தீர்ந்துடும். அதனால் மோசமான வலது காலுக்கு மட்டும் பூசுங்க. கடலை அளவு தடவிட்டு 'பலன் இல்லை' என்பதில் அர்த்தமில்லை. பூசிய இடத்தில் ஒத்தடம் கூடாது, புண் இருந்தால் கூடாது.

பட்டாலையில் சம்மணம் போட்டு உட்கார்வதை நிறுத்தி நாற்காலிக்கு மாறணும். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 எண்ணும் வரை வைத்து இறக்குவது, 10 தடவை, நாளுக்கு மூணு சுற்று. ஆறு வாரத்துக்கு முன் பலன் பார்க்காதீங்க.

---

மருந்தாளுநர்79 எழுதியது:

விலையைப் பேச ஆரம்பிச்சதும் யாராவது ஒருத்தர் 'செட் மாத்திரை பத்து ரூபாய்தானே' என்பார், அதனால் முன்கூட்டியே. காகிதக் கவரில் உதிரியாகக் கொடுக்கும் வலி செட்டில் பொதுவாக இருப்பது டைக்ளோபினாக் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, மூணாவது பொடி மாத்திரை டெக்ஸாமெத்தசோன் 0.5. அந்தப் பொடி மாத்திரைதான் மறுநாளே ஓட வைப்பது. அது ஸ்டீராய்டு. சர்க்கரையைக் கிடுகிடுவென ஏற்றும், டைக்ளோபினாக்கோடு சேர்ந்து இரைப்பையில் புண் போடும். மூணு வாரத்துக்கு மேல் தினமும் போட்டவர் பட்டென நிறுத்தினால் வாந்தி, தளர்ச்சி, ரத்த அழுத்தம் சரிவு என்று ஆளைச் சாய்க்கும். செட்டை நிறுத்தினால் வலியோடு இந்தத் தொல்லையும் சேர்ந்து வருவதால்தான் மறுபடி அதே கவரைத் தேடிப் போகிறார்கள். அப்படிப் போட்டுக்கொண்டிருப்பவர் மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்கணும்.

தடை பற்றி உள்பெட்டியில் ஒருத்தர் கேட்டதால்: 2024 ஆகஸ்ட்டில் தடை செய்த 156 சேர்மானங்களில் அசிக்ளோபினாக் 50 + பாராசிட்டமால் 125 உண்டு. 100 + 325 அதில் இல்லை, ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அசிக்ளோபினாக் + பாராசிட்டமால் + ரபேபிரசோல் மூன்றும் ஒரே மாத்திரையில் இருப்பது 2018 பட்டியலிலேயே போச்சு. பழைய அட்டை வீட்டுப் பெட்டியில் கிடந்தால் போடாமல் ஒதுக்கிவிடுங்க.

எல்லாச் சேர்மானமும் மோசம் என்று சொல்ல வரலை. டிரமடால் + பாராசிட்டமாலுக்கு நியாயம் உண்டு, ரெண்டும் வேறு வேறு வழியில் வலியைக் குறைப்பதால் டிரமடாலைக் குறைந்த அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆச்சியின் மற்ற மாத்திரைகளுக்கு அது பொருந்தலை, அவ்வளவுதான்.

---

ஆத்தங்குடிக்கல் எழுதியது:

மருத்துவரிடம் பேசியாச்சு. டிரமடாலை நிறுத்தச் சொல்லிட்டார், பாராசிட்டமால் 500 நாளுக்கு மூணு, ஜெல். அசிக்ளோபினாக் ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான். டிரமடால் ரெண்டு முழு அட்டையும் வெட்டிய அட்டையில் 7 மாத்திரையும் மிச்சம். பக்கத்து வீட்டு ஐயாவுக்கு இடுப்பு வலி, அவர் கேட்கிறார். கொடுக்கலாமா?

---

மருந்தாளுநர்79 எழுதியது:

கூடவே கூடாது. டிரமடால் ஹெச்1 அட்டவணை (சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத) மருந்து, 2018 ஏப்ரலிலிருந்து போதைப்பொருள் சட்டத்திலும் இருக்கு. கடைக்காரரே மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எழுதிய தனிப் பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்கணும். ஐயா என்ன மாத்திரை போடுகிறார் என்பதும் நமக்குத் தெரியாது.

வெட்டாத ரெண்டு அட்டையைப் பில்லோடு வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்க, சிலர் எடுத்துக்கொள்வார்கள். அந்த 7 மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம், பிள்ளைகள் கையில் கிடைக்கும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025ல் தந்த வழிகாட்டுதலில், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொன்ன 17 மருந்துகளில் டிரமடாலும் ஒன்று. அட்டையிலிருந்து பிரித்துப் போடுங்க, வெறும் அட்டையைத் தனியாகக் கசக்கிக் குப்பையில்.